இணைத் தாள்

பச்சைத் துணி அட்டை, நூற்றறுபது பக்கம்,
கோடில்லாதது. என் கைவேலைதான்.
மார்ச்சில் விற்றேன். நவம்பரில் திரும்பி வந்தது
ஒரு துறைமுகக் கிரேன் ஓட்டுநரின் கக்கத்தில்,
கோபத்தோடு.

அன்று த்ரியெஸ்தெயில் போரா வீசிக்கொண்டிருந்தது.
எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் உண்டு.
பிடித்து நடக்கத் தெருவில் கயிறு கட்டுவார்கள்.
வெட்டி வைத்த தாள்களின் மேலெல்லாம்
இஸ்திரிப் பெட்டிகளை உட்கார்த்தி வைத்திருந்தேன்.
"சீக்கிரம் உள்ளே வாருங்கள், கதவு!"
வந்தார். ஒடொரிகோ என்று பெயர் சொன்னார்.
"உங்கள் தையல் சரியில்லை" என்றும் சொன்னார்.

என் தையலைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.
ஐந்து துளை. தேன்மெழுகு தேய்த்த லினன் நூல்.
ஒவ்வொரு கட்டும் முந்தைய கட்டின்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.
மாட்டெலும்பால் நீவிய மடிப்பு,
கட்டி தட்டாத கோதுமைப் பசை,
நான்கு நாள் சுமைக்கடியில் கிடந்த புத்தகம்.
அதைப் போய்.

அவர் உதறிக் காட்டினார்.
ஒரு தாள் விழுந்தது.

எழுத்தை நான் படிக்கவில்லை.
ஒழுக்கமெல்லாம் இல்லை,
கண்ணாடி மேசையின் மறுகோடியில் கிடந்தது.
ஆனால் படம் தெரியுமே:
பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு பாதம்,
என் உள்ளங்கையைவிடச் சின்னது.
சுண்டுவிரலருகே கோடு தடுமாறியிருந்தது,
கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
கீழே பெரிய எண்களில் ஜூன் மாதத்துத் தேதி.

"இதைத்தானா விடவேண்டும் உங்கள் நூல்?"

நூலைப் பார்த்தேன். எங்கும் அறவில்லை.
கட்டை விரித்து எண்ணினேன்.
எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு,
விழுந்ததோடு ஏழு.
விழுந்ததன் விளிம்பில்
இன்னொரு தாளின் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் இரண்டு என்று நினைப்பது ஒரே தாள்.
நடுவில் மடித்து, மடிப்பில் தைத்திருக்கிறேன்.
முன்னால் ஒன்றைக் கிழித்தால்
பின்னால் ஒன்றுக்குப் பிடி போய்விடும்.
அன்றைக்கே விழாது.
பக்கத்துத் தாள்களின் நெருக்கத்தில்
சில மாதம் நின்று பார்க்கும்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
"எப்போது கிழித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து ஆட்டியது.
"ஏப்ரல்" என்றார். பிறகு,
"அவளைப் பற்றி எழுதியது. நல்லதாக எழுதவில்லை.
கிரேன் கூண்டிலிருந்து கையை நீட்டி விட்டேன்.
இதே காற்றுதான். வெனிஸ் வரைக்கும் போயிருக்கும்."

எந்த அவள், பாதத்துக்கு யார் அவள்,
நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அதே கனத்தில் ஒரு வெற்றுத் தாள் எடுத்தேன்,
இழை ஓடும் திசை பார்த்து.
வெங்காயத் தோல் போன்ற மெல்லிய பட்டையால்
அதைப் பாதத்தோடு ஒட்டினேன்.
காயும்வரை இருவரும் பேசவில்லை.
மடித்து, கட்டுக்குள் நுழைத்து,
பழைய துளைகளிலேயே தைத்து இறக்கினேன்.

"ஏப்ரலில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும்,
பரவாயில்லையா?"

முன்னூறு டன்னைத் தூக்கி இறக்கும் விரல்
அதன் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தது.
"அவ்வளவு வெள்ளையாக இல்லை அந்த ஏப்ரல்."

நான்கு யூரோ வாங்கினேன்.
தையலைப் பற்றிச் சொன்னதை
அவர் திரும்பப் பெறவில்லை.
புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானிட்டு,
காற்றின் மேல் சாய்ந்தபடி
கயிற்றைப் பிடிக்காமல் நடந்தார்.

கதவைச் சாத்துவதற்குள்
இஸ்திரிப் பெட்டிக்குத் தப்பிய இரண்டு தாள்
அலமாரிக்கு அடியில் போய்விட்டன.
குனிந்தால் எடுத்துவிடலாம்.